வால்மீகி கழக நிதி முறைகேடு: பழங்குடியினருக்கான ரூ.89 கோடி ஹைதராபாத் கணக்குகளுக்குச் சென்றது எப்படி?

பெங்களூரு: கர்நாடக மகரிஷி வால்மீகி பழங்குடியினர் மேம்பாட்டுக் கழகத்தின் கணக்குக் கண்காணிப்பாளர் ஒருவர் 2024 ஆம் ஆண்டு மே 26 ஆம் தேதி சிவமொக்காவில் தனது உயிரை மாய்த்துக் கொண்டார். அவர் விட்டுச் சென்ற கடிதத்தின் மூலமாகவே, கழகத்தின் பணம் கைமாறிய விவகாரம் வெளியுலகிற்குத் தெரியவந்தது. அதுவரை தணிக்கையோ வங்கியின் கண்காணிப்போ அதனைத் தடுக்கவில்லை என்பது இவ்வழக்கில் கவனிக்கத்தக்கது.

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இக்கழகம், பழங்குடியினர் நிலம் வாங்கவும் சுயதொழில் தொடங்கவும் உதவி வருகிறது. சிறு விவசாயிகளின் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு அமைத்து, பம்புசெட்டும் மின் இணைப்பும் பெற்றுத் தரும் 'கங்கா கல்யாண்' திட்டமும் இதன் வழியாகச் செயல்படுத்தப்படுகிறது.

வசந்த நகரில் இருந்த கழகத்தின் வங்கிக் கணக்கு, 2024 தொடக்கத்தில் யூனியன் வங்கியின் எம்.ஜி. சாலை கிளைக்கு மாற்றப்பட்டது. உரிய ஒப்புதலின்றி ரூ.187 கோடி அக்கணக்கில் சேர்க்கப்பட்டதாகவும், அதில் ரூ.43.33 கோடி கங்கா கல்யாண் திட்டத்திற்காக மாநிலக் கருவூலத்திலிருந்து வந்த தொகை என்றும் அமலாக்கத்துறை கூறுகிறது. மார்ச் முதல் மே முதல் வாரம் வரை அங்கிருந்து பணம் வெளியேறியது. ஹைதராபாத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பெயரில் இருந்த கணக்குகள் வழியாக அது போலி நிறுவனங்களுக்குச் சென்று, பின்னர் ரொக்கமாகவும் தங்கமாகவும் மாற்றப்பட்டது என்பது குற்றச்சாட்டு.

முறைகேடு ரூ.187 கோடி அல்ல, ரூ.89.63 கோடி மட்டுமே என்று முதலமைச்சர் சித்தராமையா 2024 ஜூலையில் சட்டப்பேரவையில் விளக்கமளித்தார். முதல் தொகை கணக்கில் சேர்ந்தது, இரண்டாவது தொகை கணக்கை விட்டுச் சென்றது. இரு எண்களும் அரசியல் மேடைகளில் மாறி மாறிப் பயன்படுத்தப்பட்டதால் ஏற்பட்ட குழப்பம் இன்றும் தொடர்கிறது.

பொறுப்பு யாருடையது என்பதில் கழகமும் வங்கியும் எதிரெதிர்த் திசையில் நின்றன. போலிக் கையெழுத்தும் போலி ஆவணங்களும் பயன்படுத்தப்பட்டதாக வங்கி அதிகாரிகள் மீது கழகம் காவல்துறையில் புகார் அளித்தது. வங்கியோ சிபிஐ-யை அணுகியது. மாநில அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவை (எஸ்ஐடி) அமைத்தது. கழகத்தின் நிர்வாக இயக்குநர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, பின்னர் கைது செய்யப்பட்டார்.

பழங்குடியினர் நலத்துறை அமைச்சராக இருந்த பி. நாகேந்திரா ஜூன் 6 ஆம் தேதி பதவி விலகினார். ஜூலை 12 ஆம் தேதி அவரை அமலாக்கத்துறை கைது செய்தது. முறைகேட்டின் மூளையாக அவரே செயல்பட்டதாகவும், சுமார் ரூ.20 கோடி பல்லாரி மக்களவைத் தேர்தலுக்குச் செலவிடப்பட்டதாகவும் அத்துறை குற்றம்சாட்டுகிறது. அவர் இதனை மறுத்து வருகிறார். எஸ்ஐடி-யின் குற்றப்பத்திரிகையில் அவரது பெயர் இடம்பெறவில்லை. ஒரே பணத்தை விசாரித்த இரு அமைப்புகள் இவ்வளவு வேறுபட்ட முடிவுகளுக்கு வந்தது எளிதில் கடந்து செல்லக்கூடியதல்ல.

அமெரிக்காவில் அரசு ஊழியர்களுக்கு வழங்கப்பட்ட கடன் அட்டைகளை 30 நாட்களுக்கு முடக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் 2025 பிப்ரவரியில் உத்தரவிட்டார். அட்டைக்குச் செலவு உச்சவரம்பு உண்டு, யார் எங்கே செலவிட்டார் என்ற பதிவும் உண்டு. கர்நாடகத்தில் நடந்ததோ, பயனாளிகளைச் சென்றடையாமல் வங்கியில் தேங்கிய மொத்தத் தொகை பற்றியது. இரண்டு, மூன்று பேரின் ஒப்புதல் என்ற பெயரில் அது கோடிக்கணக்கில் நகர முடிந்தது. இத்தகைய தேக்கத்தைத் தவிர்க்கவே, மத்திய நிதியுதவித் திட்டங்களில் செலவு நேரும்போது மட்டும் பணத்தை விடுவிக்கும் 'எஸ்என்ஏ-ஸ்பர்ஷ்' முறை கொண்டுவரப்பட்டது. மாநில வாரியங்கள், கழகங்களின் சொந்தக் கணக்குகள் அதன் வரம்பிற்குள் வருவதில்லை.

வேறு இரு அரசு அமைப்புகளின் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கவில்லை என்று கூறி, பாரத ஸ்டேட் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி ஆகியவற்றில் உள்ள கணக்குகளை மூடுமாறு கர்நாடக அரசு 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டது. சில நாட்களிலேயே அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

நாகேந்திராவுக்கு 2024 அக்டோபரில் ஜாமீன் கிடைத்தது. 2025 ஜூலையில் கர்நாடக உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ விசாரிக்க உத்தரவிட்டது.