சாவி கைக்கு வரும் வரை: மாணவ வாடகைதாரரும் சட்டமும்

வாடகை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, குடிபுகும் தேதியும் குறித்த பிறகு வீட்டுக்காரர் வீட்டைத் திறந்துவிடாமல் நாள் கடத்தினால், அது ஒப்பந்த மீறல். குடும்பத்தோடு வீடு மாறுகிறவர் பழைய வீட்டில் இன்னும் பத்து நாள் தள்ளிப் பார்க்கலாம். வெளியூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கும் மாணவருக்குப் பழைய வீடு என்று ஒன்று கிடையாது. கல்லூரி திறக்கும் தேதியும் அவருக்காகத் தள்ளிப்போகாது.

திருவண்ணாமலையில் இந்தத் தாமதத்துக்கு உள்ளூர்க் காரணங்களும் உண்டு. கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரியும் அரசு மருத்துவக் கல்லூரியும் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளும் வெளியூர் மாணவர்களை வரவழைக்கின்றன. விடுதியில் இடம் கிடைக்காதவர்கள் நகரத்துக்குள்ளும், கிரிவலப் பாதையோரம் மலைக்கு மேற்கே இருக்கும் அடி அண்ணாமலை வரையிலும் அறை தேடுகிறார்கள். அதே அறைகளைப் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலை சுற்ற வருகிறவர்களும் தேடுகிறார்கள். கார்த்திகை தீபத்தின்போது ஓர் அறையின் ஒருநாள் வாடகை எங்கே போய் நிற்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். மாத வாடகைக்குப் பேசிய அறையை ஒரு திருவிழா முடியும்வரை கையில் வைத்துக்கொள்ளும் ஆசை வீட்டுக்காரருக்கு வருவதில் வியப்பில்லை. கூடவே ஆடி மாதம். ஜூலை நடுவில் ஆடி பிறந்ததும் முன்பு குடியிருந்தவர் வீடு மாற மறுப்பார். புது வீட்டில் பால் காய்ச்ச வீட்டுக்காரரே விடமாட்டார். ‘ஆவணி பிறக்கட்டும் தம்பி’ என்ற பதில் வரும். வழக்கத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் ஜூலை 1 என்று எழுதிக் கொடுத்த தேதியை ஆடி மாற்றிவிடாது.

வீட்டை ஒப்படைக்கும் கடமை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில், 108-வது பிரிவில் இருக்கிறது. வாடகைதாரர் கேட்டுக்கொண்டால், வீட்டை அவர் வசம் ஒப்படைக்க உரிமையாளர் கடமைப்பட்டவர். நகரம், கிராமம் என்ற பேதம் இதற்கு இல்லை. இந்த விஷயத்தில் உலகம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இங்கிலாந்தில் 1829-இல் ‘கோ எதிர் கிளே’ வழக்கு முதலே, பழைய குடித்தனக்காரர் காலி செய்யாவிட்டாலும் அது உரிமையாளரின் பாடு. அமெரிக்காவில் வர்ஜீனியா நீதிமன்றம் 1930-இல் ‘ஹானன் எதிர் டஷ்’ வழக்கில் நேரெதிராகச் சொன்னது: உரிமையாளர் குடியிருக்கும் உரிமையைக் கொடுத்தால் போதும், உள்ளே இருப்பவரை வெளியேற்றுவது புதிதாக வருகிறவரின் வேலை. இந்தியச் சட்டம் இங்கிலாந்தின் பக்கம் நிற்கிறது. ஆகவே ‘உள்ளே இருக்கிறவர் போகமாட்டேன் என்கிறார், நான் என்ன செய்ய?’ என்பது வீட்டுக்காரர் கையை விரிக்கப் போதுமான காரணம் அல்ல.

ஆனால் கேட்டுக்கொண்டால்தான் அந்தக் கடமை எழுகிறது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் கூப்பிடுவார் என்று ஊரில் காத்திருந்த மாணவர், பிறகு தாமதத்தைச் சொல்லி இழப்பீடு கேட்பது கடினம். குறித்த தேதியில் சாவியைக் கேட்டதற்கு ஒரு தடயம் வேண்டும். வாட்ஸ்அப் செய்தியே போதும். 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கிறது. 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழை இணைக்க வேண்டும், அவ்வளவுதான். ஜிபே ரசீதில் ‘அட்வான்ஸ், முதல் மாடி அறை’ என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தால், அது கடனாகக் கொடுத்த பணம் என்று யாரும் பின்னால் கதை மாற்ற முடியாது.

சாவி வராத நாட்களுக்கு வாடகை உண்டா? வீட்டை ஒப்படைக்காத காலத்துக்கு வாடகை கேட்க உரிமையாளருக்கு நியாயம் இல்லை. பாதி ஒப்படைத்தால்தான் சிக்கல். இரண்டு அறை பேசிவிட்டு, ஓர் அறையில் தன் பீரோவையும் பழைய சாமான்களையும் பூட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் எங்கும் உண்டு. கொல்கத்தாவின் ஸ்டீபன் கோர்ட் கட்டடத்தில் இப்படித்தான் நடந்தது. மூன்று படுக்கையறைகளில் ஒன்றை உரிமையாளர் கொடுக்கவில்லை. வாடகைதாரர் வாடகை முழுவதையுமே நிறுத்தினார். சுரேந்திரநாத் பிப்ரா வழக்கில் 1966-இல் உச்ச நீதிமன்றம் இரு தரப்பின் முழுக் கோரிக்கையையும் ஏற்கவில்லை: கிடைத்த பகுதிக்கு ஏற்ற விகிதத்தில் வாடகை கொடுக்க வேண்டும் என்றது. கோபத்தில் வாடகையை அடியோடு நிறுத்துவது இதனால் ஆபத்து. எவ்வளவு குறைத்துக் கொடுக்கப்படுகிறது, ஏன் என்பதை எழுதி அனுப்பிவிட்டுக் குறைப்பதே பாதுகாப்பு.

தாமதம் நீண்டால் என்ன செய்யலாம் என்பதை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 55-வது பிரிவில் சொல்கிறது. தேதி முக்கியம் என்பது இரு தரப்புக்கும் தெரிந்து செய்த ஒப்பந்தமானால், அந்தத் தேதி தவறியதும் மாணவர் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தேதி அத்தனை முக்கியம் இல்லையென்றால் ரத்து செய்ய முடியாது. இழப்பீடு மட்டும் கேட்கலாம். எனவே அக்ரிமென்டில் ‘கல்லூரி திறக்கும் நாளை முன்னிட்டு இந்தத் தேதி இன்றியமையாதது’ என்ற ஒரே வரி பெரிய வேலை செய்யும். இந்தப் பிரிவின் கடைசிப் பகுதி பலர் கண்ணுக்குத் தப்பிப்போவது. ரத்து செய்யும் உரிமை இருந்தும், தாமதமாகக் கொடுத்த வீட்டை மாணவர் ஏற்றுக் குடிபுகுந்தால், அந்தத் தாமதத்துக்கு இழப்பீடு கேட்கப்போவதை ஏற்கும்போதே தெரிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த உரிமை போய்விடும். சாவி கிடைத்த மகிழ்ச்சியில் ‘பரவாயில்லை சார்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், மூன்று மாதம் கழித்து லாட்ஜ் செலவைக் கேட்க முடியாது.

இழப்பீடு எவ்வளவு என்பதை 73-வது பிரிவு வரையறுக்கிறது. தாமதத்தால் இயல்பாக வரக்கூடிய நஷ்டம் மட்டுமே கணக்கில் சேரும்: லாட்ஜ் அல்லது விடுதி வாடகைக்கும் பேசிய வாடகைக்கும் உள்ள வித்தியாசம், சாமான் ஏற்றி இறக்கிய செலவு. நஷ்டத்தைக் குறைக்கத் தன்னால் இயன்றதை மாணவரும் செய்திருக்க வேண்டும். சாதாரண அறை கிடைக்கும்போது ஏசி அறையில் தங்கிவிட்டு அந்த பில்லை நீட்டினால் எடுபடாது. தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்கும் இதில் இடமில்லை.

வீட்டுக்காரர் மேல் தவறே இல்லாத சந்தர்ப்பமும் உண்டு. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெங்கல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு வீடுகளின் மேல் விழுந்து ஏழு பேர் உயிரிழந்தனர். பேசி முடித்து ஒப்படைக்கும் முன்பே ஒரு வீடு இப்படி அழிந்துபோனால், தாமதத்துக்கான இழப்பீடு கேட்க முடியாது. வாங்கிய அட்வான்ஸை மட்டும் ஒப்பந்தச் சட்டத்தின் 65-வது பிரிவின்படி திருப்பித் தர வேண்டும்.

தமிழ்நாட்டின் சொந்தச் சட்டம் இந்த விஷயத்தில் ஏமாற்றம் தருகிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்வதையும் வலியுறுத்துகிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னால் ஒழிய என்ற விலக்கையும் சேர்த்தே சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் இன்னும் பல இடங்களில் உயிரோடு இருப்பதற்கு அந்த விலக்கு வசதியாகிவிடுகிறது. அட்வான்ஸைத் திருப்பித் தரும் ஒரு மாதக் கெடுவோ வீட்டைக் காலி செய்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. உள்ளேயே போகாதவர் எந்த நாளிலிருந்து எண்ணுவது? சட்டம் எழுதியவர்கள் குடியிருப்பவரை நினைத்தார்கள். வாசலில் நிற்பவர் அவர்கள் மனதில் வரவில்லை. அவர் ஒப்பந்தச் சட்டத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

கையெழுத்திலும் ஒரு கண்ணி உண்டு. முதலாண்டு மாணவர்களில் பலருக்கு வயது பதினேழு. பதினெட்டு நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-இல் ‘மோகரி பீபி’ வழக்கில் பிரிவி கவுன்சில் முடிவு செய்த விஷயம். பெற்றோரில் ஒருவர் பெயரில் அக்ரிமென்ட் போட்டு, தங்கப்போகும் மாணவர் பெயரை உள்ளே குறிப்பிடுவதே சரி. கோயில் நகரம் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: வீடு கோயில் மனையில் நிற்கிறதா என்பது. அறநிலையத் துறைக்கும் மனையில் இருப்பவருக்கும் வழக்கு நடந்தால், அக்ரிமென்டில் எந்தத் தேதி இருந்தாலும் சாவி வருவது நிச்சயமில்லை. மனை யாருடையது என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சாப்பாட்டோடு சேர்ந்த தனியார் விடுதி, பி.ஜி. ஆகியவற்றின் கதை வேறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உணவும் தங்குமிடமும் வழங்குவதைச் சேவையாகவே வரையறுக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு அறை ஒதுக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. மாணவரின் சொந்த ஊர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது இதில் பெரிய வசதி. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்தாலே சில சமயம் பணம் திரும்பி வந்துவிடும். பெண்கள் விடுதியானால், 2014-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி உரிமம் பெற்றதா என்று முதலில் கேட்க வேண்டும்.

தனி வீடு, அறை என்றால் முதல் படி ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம்: பேசிய தேதி, கொடுத்த தொகை, சாவி கேட்ட நாள், இத்தனை நாளுக்குள் ஒப்படைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்ற அறிவிப்பு. அசையாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கவும் வழி இருக்கிறது. வீட்டையே ஒப்படைக்கச் சொல்லி உரிமையியல் நீதிமன்றம் போகலாம்தான். தீர்ப்பு வருவதற்குள் படிப்பு முடிந்துவிடும் என்பதால் பணத்தை மீட்பதே மாணவருக்கு உகந்த இலக்கு. ஒரே அறைக்கு நான்கு பேரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் மட்டும் அது ஏமாற்றுக் குற்றம், பாரதிய நியாய சம்ஹிதையின் 318-வது பிரிவு. காவல் நிலையத்தில் ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். மற்ற மூவரையும் கண்டுபிடித்து, அவர்களுடைய ரசீதுகளோடு சேர்ந்து போனால் அப்படித் திருப்பி அனுப்புவது எளிதாக இருக்காது.