அறியப்படாச் செயன்முறைகளும் அவற்றை இனங்காணலும்

கணினியிற் சேமித்து வைக்கப்பட்ட செய்நிரலுக்கும், அது இயங்கத் தொடங்கியவிடத்து அதனினின்று தோன்றும் செயன்முறைக்கும் வேறுபாடு உண்டு. முன்னையது ஏட்டில் எழுதப்பட்ட சுரவரிசை போல்வது; பின்னையது பாடுங்கால் எழும் இசை போல்வது. ஒரு செய்நிரலிலிருந்து ஒரே வேளையிற் பல செயன்முறைகள் பிறத்தல் கூடும். பிறந்த ஒவ்வொன்றுக்கும் பணிசெயல் முறைமை ஓர் எண்ணை வழங்கும். அதன் பெயர் யாது, அதனைப் பிறப்பித்த தாய்ச் செயன்முறை யாது, எவருடைய உரிமையின்கீழ் அது இயங்குகின்றது, முறைவழியாக்கியை எத்துணை நேரம் பயன்படுத்திற்று என்பனவற்றையும் பட்டியலிற் குறித்து வைக்கும். எவரும் தொடாது கிடக்கும் மேசைக் கணினியிலும் நூற்றுக்கு மேற்பட்ட செயன்முறைகள் இயங்கிக்கொண்டிருத்தல் இன்று வழக்கம். அவற்றுள் இன்னது இன்ன பணிக்குரியது எனக் கூறவல்லார் மிகச் சிலரே. அத்தகைய கணினிகள் பல ஒரு வலையமைப்பிற் பிணைக்கப்பட்டிருப்பின், முன்னறியாத செயன்முறை ஒன்றைக் கண்டு அஃது எவ்வினத்தது எனத் துணிதல் எளிய செயலன்று. அத்துணிபின் இன்றியமையாமையை 1988ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்திற்று.

அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் மாலை, கோணெல் பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவராயிருந்த றொபேட் மொறிஸ் என்பவர், தாமே இனம்பெருக்கி ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவல்ல செய்நிரல் ஒன்றை மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்துக் கணினி வழியாக இணையத்தில் விடுத்தார். பேர்க்கிலி யுனிக்ஸ் முறைமையில் இயங்கிய வாக்ஸ், சண்-3 என்னும் இருவகைக் கணினிகளை அது பற்றிற்று. யூற்றாப் பல்கலைக்கழக வாக்ஸ் கணினியொன்றில் அன்றிரவு நிகழ்ந்தது நோக்கற்பாலது. முறைவழியாக்கியின் பொருட்டு முறைகாத்து நிற்கும் செயன்முறைகளின் சராசரித் தொகையைச் சுமை என்பர். அவ்வேளையில் வழக்கமாக 1 அளவினதாயிருக்கும் சுமை, 9.21 மணிக்கு 5 ஆயிற்று, 10.01க்கு 16 ஆயிற்று, 10.06க்குப் புதிய செயன்முறை எதனையும் தொடங்க இயலாத நிலை வந்தது. 10.20க்கு நிருவாகி அவற்றை ஒழித்தார். 10.41க்கு அவை மீண்டும் புகுந்து சுமையை 27 ஆக்கின. ஒழித்தல் வேறு, இன்னதென அறிதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நிருவாகிகள் பட்டியலை நோக்கியபோது கண்டது என்னை? 'எஸ்எச்' என்னும் ஈரெழுத்துப் பெயர் தாங்கிய செயன்முறைகளே. யுனிக்ஸ் முறைமையிற் பயனரின் கட்டளைகளை ஏற்று நடத்தும் ஓட்டின் பெயர் அது. எக்கணினியிலும் எவ்வேளையிலும் காணப்படுவது. மொறிசின் புழு தன் பெயரை அவ்வாறு மாற்றிக்கொண்டது. அன்றியும், சில நிமிடங்களுக்கொரு முறை தன்னினின்று ஒரு சேயைப் பிறப்பித்துத் தான் மடிந்தது. அதனால் அதன் எண் மாறியது. அது செலவிட்ட முறைவழியாக்கி நேரம் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கியது. நெடுநேரம் இயங்குவதைப் பட்டியலிற் கண்டு ஐயுறுவார்க்கு அவ்வாயிலும் அடைபட்டது. வட்டிலிருந்த தன் கோப்புகளையும் அழித்துவிட்டு அது நினைவகத்தில் மாத்திரம் வாழ்ந்தது. இத்துணைக் கரவுடையது தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது வியப்பே. ஒரு கணினியில் முன்னரே தன்னினம் இருப்பின் விலகுமாறு விதிக்கப்பட்டிருந்தும், ஏழில் ஒரு பங்கு அவ்விதிக்கு உட்படாதவாறு மொறிஸ் அமைத்திருந்தார். அப்பங்கே பெருகிக் கணினிகளை முடக்கிற்று. சுமை ஏறாதிருந்திருப்பின் 'எஸ்எச்' என்னும் பெயரை எவரும் இருமுறை நோக்கியிரார்.

பேர்க்கிலியிலும் மசச்சூசெற்சிலும் அறிஞர் பலர் இரவு பகலாக இருந்து, அகப்பட்ட இயந்திரக் குறிகளை மீண்டும் மனிதர் படிக்கத்தக்க நிரலாகப் பெயர்த்தனர். அது புகுந்த வழிகள் அப்போதுதான் வெளிப்பட்டன: அஞ்சற் செய்நிரலில் அடைக்கப்படாது விடப்பட்ட ஒரு வாயில், பயனரின் விவரம் கூறும் செய்நிரலில் அளவு மிஞ்சிய எழுத்துக்களைத் தடுக்காத ஒரு குறை, கணினிகள் தமக்குள் வைத்திருந்த நம்பிக்கை, 432 சொற்கள் கொண்ட பட்டியலாலும் பிறவாற்றாலும் ஊகிக்கப்பட்ட கடவுச்சொற்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவசரத் துணைக்குழுவொன்று அம்மாதமே நிறுவப்பட்டது. மொறிஸ் 1990இற் குற்றவாளியாகக் காணப்பட்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணிநேரச் சமூகப் பணியும் 10,050 டொலர் தண்டமும் பெற்றார்.

சைவசித்தாந்த நூல்கள் அறிவு பெறும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகத் தொகுத்துரைக்கும். செயன்முறையின் பெயர் உரையளவையின் பாற்பட்டது. அது தன்னைப்பற்றித் தானே கூறும் கூற்று. உரைப்போன் மெய்யனாயினன்றி உரை அளவையாகாது. ஆதலின், பெயரை விடுத்து, அது பிறந்த கோப்பின் உள்ளடக்கத்தைக் காணும் முறை பிற்காலத்தில் வழக்கிற்கு வந்தது. கோப்பிலுள்ள குறிகள் அனைத்தையும் ஒரு கணித விதிக்கு உட்படுத்திக் குறுகிய எண்ணொன்றைப் பெறுவர். ஒரு குறி மாறினும் அவ்வெண் முற்றாக வேறுபடும். விரலடையாளம் போல்வது அது. அறியப்பட்ட செய்நிரல்களின் அத்தகைய எண்களை ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமங்கள் தொழினுட்ப நிறுவகம் தொகுத்து வெளியிடுகின்றது. தீயனவாகக் கண்டவற்றின் எண்களைத் தொகுப்போரும் உளர். இரு பட்டியலிலும் இல்லாதன எஞ்சி நிற்கும். வகுத்தலின் இடர்ப்பாடு முழுவதும் இவ்வெச்சத்திலேயே உள்ளது.

எச்சத்தை ஆராய்தற்கு வலையமைப்பே துணையாகின்றது. ஒரு கணினியை மாத்திரம் நோக்குவார்க்கு விளங்காதது, ஆயிரம் கணினிகளை ஒப்புநோக்குவார்க்கு ஓரளவு விளங்கும். எல்லாக் கணினிகளிலும் காணப்படுவது பெரும்பாலும் பொதுப்பணிக்குரியது. ஒன்றில் மாத்திரம் காணப்படுவது வினாவிற்குரியது. ஆயினும் அருமை தீமையன்று. கணக்காளர் ஒருவர் தம் தேவைக்கென எழுதுவித்த நிரலும் அருமையானதே. பரவியிருத்தல் நன்மையுமன்று, 1988இன் புழுவினும் பரவியது அன்று வேறு யாதுளது? ஆகவே தாய்ச் செயன்முறை, கோப்பு இருக்குமிடம், அது தொடர்புகொள்ளும் தொலைக்கணினி ஆகியனவும் சேர்த்து எண்ணப்படும். அஞ்சலிற் பெற்ற கடிதத்தைக் காட்டும் செய்நிரல், கட்டளை ஓட்டைப் பிறப்பித்தல் இயல்பன்று. இவ்வாறு புகையினின்று நெருப்பை அனுமானித்தல் கருதலளவையாம். 2008இல் தோன்றிய கொன்பிக்கர் என்னும் புழு, விண்டோசின் மெய்யான சேவைச் செயன்முறையொன்றின் உள்ளேயே புகுந்திருந்தமையால், அதனைப் பெயராலும் இடத்தாலும் பிரித்தறிதல் அரிதாயிற்று.

இவ்வழிகள் யாவும் கைவிட்ட வேளையும் உண்டு. 2024ஆம் ஆண்டு அன்றிறெஸ் புறொயிண்ட் என்னும் பொறியியலாளர் தரவுத்தளமொன்றின் வேகத்தை அளத்தற்பொருட்டுத் தம் லினக்ஸ் கணினியை அமைதிப்படுத்த முயன்றார். அப்போது தொலைவிலிருந்து உட்புகுவோரை ஏற்கும் செயன்முறை, வேண்டியதினும் மிகுதியாக முறைவழியாக்கியைப் பயன்படுத்துவதைக் கண்டார். அதன் பெயர் உரியது, இடம் உரியது, தாய் உரியது, கோப்பும் வழங்குநர் தந்ததே. எனினும் முன்னர் 0.299 செக்கனில் முடிந்த பணிக்கு இப்போது 0.807 செக்கன் சென்றது. அரைச் செக்கனைப் பொருட்படுத்தாது விட்டிருப்பினும் அவரை எவரும் குறைகூறியிரார். அவர் விடாது துருவினார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசெற் என்னும் தொகுதியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், ஈராண்டுக்கு மேலாகத் தொண்டராகப் பழகி நம்பிக்கை பெற்ற ஒருவர் பெயரால் இரகசிய வாயிலொன்று வைக்கப்பட்டிருந்தமை அதனால் வெளிப்பட்டது. மார்ச் 29ஆம் நாள் அவர் அதனைப் பகிரங்கப்படுத்தினார். அப்பதிப்புகள் பெரும்பாலான வழங்கல்களின் உறுதிநிலை வெளியீடுகளை இன்னும் எட்டியிருக்கவில்லை.