"மறுகா" என்றொரு சொல்

கல்முனைப் பக்கத்திற் பிறந்த ஒருவர் கொழும்பிலே வாய் திறந்தால், இரண்டாம் வாக்கியத்திலேயே அகப்பட்டுக் கொள்வார். "மறுகா என்ன நடந்தது?" என்று அவர் கேட்டதும் எதிரே இருப்பவரது இதழ்களில் ஒரு குறுநகை தோன்றும். அந்த நகைக்கு அஞ்சியே நம்மவர் பலர் அச்சொல்லை ஊரெல்லையில் இறக்கி வைத்துவிட்டுப் பஸ் ஏறுகின்றனர்.

"மறுகா" கொச்சையா? பழந்தமிழில் "மறுகால்" என்றால் மீண்டும் என்று பொருள். ஈற்று மெய் தேய்ந்து, "பிறகு" என்னும் பொருளையும் ஏற்று, அது நம் நாவில் வாழ்கிறது எனக் கொள்ளலாம். நகைக்கப்படுவது பிழையன்று, பழமையே.

செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில், பேச்சுத் தமிழ் வகைகளுள் இலக்கிய வழக்குக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழே எனக் கருதினார். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. ஆயினும் மருதமுனை, கல்முனைக்குடி, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் பேச்சு அந்தப் பழைய மட்டக்களப்பு வழக்கின் கிளையேயாம். 1964இல் "மட்டக்களப்புத் தமிழகம்" எழுதிய வித்துவான் வீ. சீ. கந்தையா இவ்வட்டாரத்து மரபுச் செல்வங்களைத் தொகுத்தளித்தார்.

முஸ்லிம்களின் தமிழ் நாடெங்கும் ஒன்றே என எண்ணுவோரும் உளர். கல்முனைக்குடியிற் பிறந்த மொழியியல் அறிஞர் எம். ஏ. நுஃமான், இலங்கை முஸ்லிம்களின் தமிழை வடகிழக்கு வழக்கு, தெற்கு வழக்கு என இரண்டாகப் பகுத்தார். தென்பகுதியில் "நான் வந்த, அவன் வந்த" எனத் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதியின்றி வினை முடியும். சிங்களப் பேச்சு வழக்கிலும் வினைக்கு இவ்விகுதிகள் இல்லை. அயல்மொழியின் செல்வாக்கு அது. நாமோ "நான் வந்தன், அவன் வந்தான்" என்கிறோம். பக்கத்து வயலில் தமிழ் உழவர் இருக்க, விகுதி எங்கே போகும்?

எனினும் வீட்டு முற்றத்தில் வேறுபாடு உண்டு. அயலூரில் அண்ணனும் அக்காவும். நம் வீட்டிற் காக்காவும் ராத்தாவும். "மௌத்து" அறபு தந்தது. தொழுகை, நோன்பு, பெருநாள், ஓதுதல் என்பனவோ தமிழ் தந்தவை. மார்க்கத்தின் உயிர்நிலைக்கே தமிழ்ச் சொல்லிட்ட சமூகத்தின் பேச்சைக் கலப்புப் பேச்சென்பது நியாயமன்று.

வயலுக்கு வாருங்கள். வள்ளுவர் "வேளாண்மை"யை உபகாரம் என்ற பொருளில் ஆண்டார். இன்றைய நூல்களில் அது விவசாயம். நம் வட்டையிலோ, கண்முன்னே அசைந்து நிற்கும் நெற்பயிரே வேளாண்மை! அதனை வெட்டிக் குவித்தாற் சூடு. சூடு மிதிக்கும் இடம் களவெட்டி. களவெட்டிக்குள் அன்றாடச் சொற்களை விலக்கி வேறு சொற்களாற் பேசும் மரபும் முன்னோரிடம் இருந்தது.

இப்பொழுது வெட்டுவதும் அடிப்பதும் ஒரே இயந்திரம். சூடில்லாத வயலிற் "சூடு" என்ற சொல்லுக்கு வேலை ஏது? போதாக்குறைக்குத் தொலைக்காட்சியின் தமிழ் நம் பிள்ளைகளின் நாவில் ஏறுகிறது. 2004 டிசம்பர் 26இல் இக்கரையோரத்தை விழுங்கிய ஆழிப்பேரலையில் மாண்ட முதியோரோடு எத்தனை சொற்கள் போயினவோ!

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் வழங்கும் பிலான் மொழியிலும் கொரோனடால் வழக்கு, சாரங்கானி வழக்கு என வேறுபாடுண்டு. மொழி வாழும் இடமெல்லாம் இப்படித்தான். கிளைகளை வெட்டி மரத்தை அழகு செய்ய முடியாது.

பள்ளிக்கூடம் எழுத்துத் தமிழைக் கற்பிக்கட்டும்; அது அவசியம். ஆனால் மூத்தம்மாவின் தமிழைப் பிழையெனத் திருத்த வேண்டா. இன்றிரவு அவரருகே அமர்ந்து, அவர் கதை சொல்லி நிறுத்துமிடத்தில், "மறுகா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி உள்ளவரை நம் பேச்சுக்கும் ஒரு மறுகா உண்டு.