மாறும் பருவம், மாற வேண்டிய சரக்குக் கணக்கு

வானத்தைப் பார்க்காமல் எந்த வணிகரும் கல்லாவில் உட்கார முடியாது. சித்திரையில் குளிர்பானம், ஆனியில் பள்ளி நோட்டு, ஐப்பசியில் குடையும் தீபாவளி ஜவுளியும் என்று நம் கொள்முதல் முழுவதும் பருவத்தை நம்பியே நடக்கிறது. அந்தப் பருவமே இப்போது தவணை தவறத் தொடங்கியிருக்கிறது.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையாகும். தீபாவளி விற்பனையும் பொங்கல் கொள்முதலும் இதே மாதங்களில்தான். கடனுக்கு எடுத்த சரக்கு குடோனில் நிறைந்திருக்கும் நாளும் மழை கொட்டும் நாளும் ஒன்றாகவே வருகின்றன.

ஒரே நாளில் ஒரு பருவம்

2015 டிசம்பர் 1-2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. மறு ஆண்டே பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2019 கோடையில் சென்னையின் நான்கு குடிநீர் ஏரிகளும் வறண்டு, உணவகங்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன. 2023 டிசம்பர் 17-18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடியில் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து போனது. ஆனால், அந்தப் பருவத்தில் மாநிலம் முழுவதும் பெய்த மழையின் மொத்தமோ இயல்பையொட்டியே இருந்தது! மொத்தக் கணக்கைப் பார்த்து நாம் ஏமாறக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

கடலோரத்தாருக்குத்தான் இந்தத் தொல்லை என்று உள்மாவட்ட வணிகர்களும் இருந்துவிட முடியாது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பின், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது.

காரணம் எளிது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ ஒரு டிகிரி சூடேறியிருக்கிறது. தாங்கிய நீரைக் காற்று ஒரேயடியாகக் கொட்டுகிறது.

இரவிலும் தணியாத சூடு

1970-2000 காலத்தோடு ஒப்பிட, 2070-2100 காலத்தில் பகல் உச்ச வெப்பம் 3.1 டிகிரியும் இரவின் குறைந்த வெப்பம் 3.5 டிகிரியும் கூடும் என்று தமிழ்நாடு அரசின் காலநிலை மாற்றச் செயல்திட்டம் கணித்திருந்தது. பகலைவிட இரவு அதிகம் சூடேறும் என்பதை மளிகை மொத்த வணிகர்கள் கவனிக்க வேண்டும். இரவில் குடோன் ஆறாவிட்டால் பருப்பில் வண்டு பெருகும், வெல்லம் இளகும். வெப்ப அலையை 2024-இல் மாநிலப் பேரிடராகவே தமிழக அரசு அறிவித்தது. கோடையில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலையைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்வது தொழிலாளர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். புயலுக்கும் வெள்ளத்துக்கும் அதில் இடமிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மாத இருப்பை வைத்து 10 லட்சத்துக்குப் பாலிசி எடுத்திருப்போம்; தீபாவளிக்கு முன் குடோனில் 20 லட்சம் சரக்கு இருக்கும். அப்போது 4 லட்சம் நஷ்டமானால், குறைத்துக் காப்பீடு செய்ததற்காகப் பொதுவாக 2 லட்சம் அளவுக்கே இழப்பீடு கணக்கிடப்படும். பண்டிகை இருப்புக்கு ஏற்பத் தொகையை முன்கூட்டியே உயர்த்திக்கொள்வது அவசியம்.

இரண்டாவதாக, தரையில் மூட்டை அடுக்கும் பழக்கத்தை விட்டு, பலகை போட்டு உயர்த்தி அடுக்க வேண்டும். விலையுயர்ந்த சரக்கு மேல்தளத்துக்குப் போகட்டும். மூன்றாவதாக, கொள்முதல் பில்லுக்கும் இருப்புக் கணக்குக்கும் ஒரு நகல் வேறிடத்தில் இருக்கட்டும். ஏடு நனைந்துபோனால் சர்வேயரிடம் காட்ட ஒன்றும் இராது.

கடைவீதியின் வடிகாலைத் தனி ஒரு கடைக்காரர் தூர்வார முடியாது. ஆவணி முடிவதற்குள் நகராட்சியிடம் சென்று அதைச் செய்து முடிக்க வைப்பது சங்கக் கிளைகளின் வேலை. ஐப்பசி பிறந்த பிறகு மனுக் கொடுத்துப் பயனில்லை.