கலாசாலையின் மதிலும் கல்வியின் எல்லையும்

மாலை ஐந்து மணி. கலாசாலை வாயிலில் பஸ் வந்து நிற்கிறது. அதுவரையில் நூல் நிலையத்தில் அமர்ந்து, கலாசாலையின் வைஃபை மூலம் ஒரு பேராசிரியரின் விரிவுரையைக் கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருந்த மாணாக்கன் எழுந்து சென்று பஸ்ஸில் ஏறுகிறான். பஸ் மதிலைத் தாண்டியவுடன் விரிவுரை பாதியில் நின்றுவிடுகிறது. கைப்பேசிக் கம்பெனி அவனுக்கு அன்றைக்கென அளந்து கொடுத்த இணையம், காலையில் கலாசாலைக்கு வரும் வழியிலேயே தீர்ந்துபோயிற்று. எஞ்சிய பாடத்தைக் கேட்க அவன் மறுநாட் காலை வரையில் காத்திருக்க வேண்டும். இது ஓர் ஊரில் ஒரு பிள்ளைக்கு மாத்திரம் நேரும் சங்கடமன்று. கூலி வேலை செய்யும் பெற்றோரின் வீட்டிலிருந்து முதன்முதலாக உயர்தரக் கல்வியை நாடி வரும் இளைஞரும் யுவதிகளும் நாள்தோறும் அனுபவிக்கும் சங்கடம் இது. கலாசாலையின் மதில் முடியுமிடத்தில் கல்வியும் முடிந்துவிட வேண்டுமா? இதுவே நாம் இன்று கேட்க விரும்பும் கேள்வி.

இணையம் மாணாக்கனை வந்தடைய இன்று இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, கலாசாலை தன் செலவில் அமைக்கும் வைஃபை. மற்றொன்று, கம்பெனிகள் நாடெங்கும் நாட்டியிருக்கும் கோபுரங்களின் வழியே வரும் கைப்பேசி வலை. வைஃபைக்குரிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இந்திய சர்க்கார் 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும் பகுதியை 2018-லும், லைசென்ஸ் இல்லாமலே யாவரும் உபயோகிக்கலாமென்று திறந்துவிட்டனர். ஆகவே அது காற்றையும் வெளிச்சத்தையும் போல் பொதுச் சொத்து. அதற்குச் செலவு குறைவு, வேகம் அதிகம். ஆனால் அதன் கை நீளாது. இரண்டு மூன்று சுவர்களைக் கடப்பதற்குள் அதன் அலை சோர்ந்துவிடும். கைப்பேசி வலையோ ஏலத்தில் பெருந்தொகை கொடுத்து வாங்கிய அலைவரிசையில் நடப்பது. ஒரே கோபுரம் பல கிராமங்களை எட்டும். ஓடும் பஸ்ஸிலும் தொடர்பு அறாது. ஆனால் அதில் ஒவ்வொரு துளிக்கும் விலை உண்டு. ஒரு கோபுரத்தின் கீழ் ஆயிரம் பேர் ஒரே வேளையில் கூடினால் வேகம் குன்றிப்போகும். கனத்த கான்கிரீட் சுவர்களுள்ள விடுதி அறைக்குள் அது நுழைவதும் அரிது. இங்ஙனம் ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்யக் காத்திருக்கிறது. இரண்டையும் இணைக்கும் மனமே வேண்டியது.

இணைப்பது புதிய கற்பனையோ என்று சிலர் ஐயுறக்கூடும். அன்று. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெல்லன் சர்வகலாசாலையில், 1993-ல், அலெக்ஸ் ஹில்ஸ் என்பவரின் தலைமையில் 'வயர்லெஸ் ஆண்ட்ரூ' என்ற முயற்சி தொடங்கிற்று. வைஃபைக்குரிய பொது நியமம் வெளியானதே 1997-ல்தான். அதற்கு முன்னரே அந்தச் சர்வகலாசாலையார் தங்கள் கட்டடங்களுக்குள் வேகமான கம்பியில்லா வலையை விரித்தனர். கட்டடங்களுக்கு வெளியே, நகரத்தின் மற்றப் பகுதிகளில், கைப்பேசி வலை வழியே மெதுவான சேவையையும் ஏற்படுத்தினர். உள்ளே குதிரை வேகம், வெளியே மாட்டு வண்டி வேகம். ஆயினும் பாதை அறுபடவில்லை. இன்னும் பின்னோக்கிப் பார்த்தால், 1971-ல் ஹவாய்த் தீவுகளின் சர்வகலாசாலையில் நார்மன் ஆப்ரம்ஸனும் அவருடைய தோழர்களும் தீவுக்குத் தீவு கம்ப்யூட்டர்களை ரேடியோ அலையால் இணைத்தார்கள். ஆக, கம்பியில்லாக் கம்ப்யூட்டர் வலை என்பதே கல்வி ஸ்தானங்கள் உலகுக்கு ஈந்த கொடை. கொடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்கே அது கிட்டவில்லையென்றால், அதைவிட விபரீதம் வேறென்ன?

இன்று இந்த இணைப்புக்குத் தேவையான சாதனம் எதுவும் பாக்கியில்லை. கைப்பேசியிலுள்ள சிம் அட்டையைக் கொண்டே ஒருவரை இன்னாரென்று அறிந்து வைஃபையைத் திறந்துவிடும் முறை 2006-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. பெயரும் ரகசியச் சொல்லும் கேளாமல், கருவி தானே தக்க வைஃபையைக் கண்டு சேரும் 'பாஸ்பாயிண்ட்' ஏற்பாடு 2012-ல் வந்தது. நம் தேசத்திலும் 2019 டிசம்பரில் ஏர்டெல் கம்பெனியும், 2020 ஜனவரியில் ஜியோ கம்பெனியும் வைஃபை மூலம் தொலைபேசியில் பேசும் வசதியை அளித்தன. கோபுரத்தின் அலை எட்டாத அறையிலும் பேச முடிகிறதென்பது ஜனங்களுக்கு நன்மையே. நாம் அதைக் குறை கூறவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரரும் கலாசாலையும் பணம் கொடுத்து அமைத்த வைஃபையின் வழியே கம்பெனிகளின் பேச்சு செல்லலாம் என்றால், கம்பெனிகளின் கோபுரத்தின் வழியே மாணாக்கனின் படிப்பும் செல்லலாமன்றோ? பாதை ஒருபக்கம் மாத்திரம் திறந்திருப்பது நியாயமாகாது.

கல்வி உலகம் தனக்குள்ளே எவ்வளவு தூரம் ஒற்றுமையாக நடந்துகொள்ள முடியும் என்பதற்கு 'எடுரோம்' ஒரு சிறந்த உதாரணம். 2002-ல் ஹாலந்து தேசத்தில், ஸர்ஃப்நெட் என்ற ஸ்தாபனத்தைச் சேர்ந்த கிளாஸ் வீரங்கா என்பவர் கூறிய யோசனையிலிருந்து அது வளர்ந்தது. ஒரு கலாசாலையைச் சேர்ந்தவர் வேறொரு கலாசாலைக்குச் சென்றால், அங்குள்ள வைஃபை அவருடைய கருவியைப் பார்த்து, "இவர் உங்களவர்தாமா?" என்று அவருடைய சொந்தக் கலாசாலையைக் கேட்கிறது. "ஆம்" என்ற பதில் கண நேரத்தில் வருகிறது, கதவு திறக்கிறது. அவருடைய ரகசியச் சொல்லை இடையிலுள்ள எவரும் அறிய முடியாதபடி அது பூட்டி அனுப்பப்படுகிறது. இன்று 100-க்கு மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் இது நடைபெறுகிறது. ஸ்வீடன் தேசத்தில் ரயில் நிலையங்களிலும் இதற்கு இடம் செய்தார்கள். கலாசாலை என்பது ஒரு கட்டடமன்று, ஓர் உறவு என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

நம் தேசத்தில் இந்த ஏற்பாட்டை நடத்தும் பொறுப்பு எர்னெட் ஸ்தாபனத்தினுடையது. உயர்தர ஸ்தாபனங்களைக் கண்ணாடி இழைக் கம்பிகளால் இணைக்கும் தேசிய அறிவு வலைக்கு 2010-ல் இந்திய சர்க்கார் 5,990 கோடி ரூபாய் ஒதுக்கினர். பாடங்களுக்கும் பஞ்சமில்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் விஞ்ஞான ஸ்தாபனமும் 2003 முதல் விரிவுரைகளைப் பதிவு செய்து யாவருக்கும் இலவசமாக வழங்கி வருகின்றன. 2017-ல் 'ஸ்வயம்' வந்தது. 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. இணையத்தின் மூலமே ஒரு பட்டப் படிப்பைத் தொடங்கிற்று. ஏரி நிறைந்திருக்கிறது, வாய்க்கால் கடைமடைக்கு வரவில்லை. பெரிய ஸ்தாபனத்தில் பயிலும் மாணாக்கனுக்கு உள்ளே வைஃபையும் வெளியே பணமும் உண்டு. ஜில்லாவிலுள்ள சிறு கலாசாலையின் மாணாக்கிக்கு இரண்டும் அரிது. அவளுக்காகவே இந்த யோசனை.

2020-ல் கொள்ளை நோய் கலாசாலைகளை மூடியபோது இந்த உண்மை ஒரே நாளில் வெளிப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் பல சர்வகலாசாலைகள் கம்பெனிகளுடன் பேசி, மாதந்தோறும் எந்நேரமும் உபயோகிக்க 10, இரவில் மாத்திரம் உபயோகிக்க 20, ஆக 30 ஜிகாபைட் இணையத்தைத் தம் மாணாக்கருக்கு அளித்தன. தமிழ்நாட்டு சர்க்காரும் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரையில், சர்க்கார் கலாசாலைகளிலும் உதவி பெறும் கலாசாலைகளிலும் பயிலும் 9 லட்சத்து 69 ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் இணைய அட்டை அளிப்பதாக அறிவித்தனர். இது போற்றத்தக்க காரியம். ஆனால் ஆபத்துக் காலத்து அன்னதானம் வேறு, நித்திய ஜீவனத்துக்கு வழி வேறு. நான்கு மாதம் நல்லதாயிருந்தது ஐந்தாம் மாதத்தில் தேவையற்றதாகிவிடுமா? 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின என்பதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இது வெறும் வசதிப் பிரச்னையன்று, உரிமைப் பிரச்னை. 2019 செப்டம்பரில் கேரள ஹைகோர்ட் அளித்த தீர்ப்பை நினைவூட்ட விரும்புகிறோம். விடுதியில் மாலை 6 மணி முதல் 10 மணி வரையில் பெண்கள் கைப்பேசியை ஒப்படைத்துவிட வேண்டுமென்று ஒரு கலாசாலை விதித்தது. ஒரு மாணாக்கி அதற்கு இணங்க மறுத்தாள், விடுதியைவிட்டு நீக்கப்பட்டாள். இணையத்தை அணுகும் உரிமை கல்வி பெறும் உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியதென்று கோர்ட்டார் கூறி, அவளை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டனர். ஒரு பெண்ணின் உறுதி ஒரு தத்துவத்தை நிலைநாட்டிற்று. கையிலுள்ள கருவியைப் பறிக்கலாகாது என்பது சட்டமானால், அக்கருவி வெறுங்கருவியாய்க் கிடக்கவிடுவதும் தர்மமாகாது.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? முதலாவது, தமிழ்நாட்டுக் கலாசாலைகள் யாவும் ஒரே வைஃபைக் கூட்டுறவில் சேர வேண்டும். மதுரை மாணாக்கன் கோயம்புத்தூர்க் கலாசாலையிலும் தன் வீட்டுப் பிள்ளைபோல் நுழையட்டும். பொது நூல் நிலையங்களையும் பஸ் நிலையங்களையும் அதில் சேர்க்கலாம். சிறு கடைக்காரரும் லைசென்ஸின்றிப் பொது வைஃபை நடத்தலாமென்று 2020 டிசம்பரில் இந்திய மந்திரிசபை அனுமதித்திருக்கிறது. அவர்களையும் இதில் ஈடுபடுத்தலாம். இரண்டாவது, மாணாக்கர் தனித்தனியே சில்லறை விலையில் இணையம் வாங்குவதை விடுத்து, அவர்கள் அனைவருக்குமாக சர்க்கார் கம்பெனிகளுடன் மொத்த விலை பேச வேண்டும். மதிலுக்குள் வைஃபை இருப்பதால் கோபுரங்களின் பாரம் குறைகிறது. அந்த லாபத்தில் மாணாக்கனுக்குப் பங்கு கேட்பது யாசகமன்று. மூன்றாவது, பணம். கம்பெனிகளின் கணக்கிட்ட வருமானத்தில் நூற்றுக்கு 5 பங்கு, எல்லோருக்கும் தொலைத்தொடர்பு எட்ட வேண்டுமென்ற நோக்கத்துக்காக வசூலிக்கப்படுகிறது. 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று இப்போது பெயர் பெற்றுள்ள அந்நிதிக்கு இதைவிடத் தக்க செலவு இருக்கிறதா?

இரண்டு எச்சரிக்கைகளும் கூறிவிடுகிறோம். இன்ன தளங்கள் மாத்திரம் இலவசம், மற்றவை காசுக்கு என்று கம்பெனிகள் பேதம் செய்யலாகாதென 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தார் விதித்தனர். அவ்விதியைக் கல்வியின் பெயரால் வளைக்கக்கூடாது. மாணாக்கனுக்குக் கொடுப்பது திறந்த இணையமாக இருக்கட்டும். எதைப் படிப்பதென்று அவனே தீர்மானிக்கட்டும். இரண்டாவதாக, மதிலுக்கு வெளியிலும் தொடரும் வலை மாணாக்கனை வேவு பார்க்கும் வலையாகிவிடக்கூடாது. எங்கே போனான், எதைப் பார்த்தான், யாரோடு பேசினான் என்ற ஜாபிதா கலாசாலைத் தலைவரிடமும் சேரலாகாது, கம்பெனியிடமும் சேரலாகாது, போலீஸாரிடமும் சட்டமின்றிச் சேரலாகாது. கல்விக்காகச் சுதந்திரத்தை விற்பவன் இரண்டையும் இழப்பான்.

பொது வாழ்வில் ஈடுபட்டிருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர்க் கலாசாலையில் வைஃபை வேலை செய்கிறதா, மாணாக்கர் வீடு திரும்பியபின் எப்படிப் படிக்கிறார்கள் என்று நேரில் சென்று விசாரியுங்கள். சட்டசபை அங்கத்தினரிடமும் சர்வகலாசாலைச் செனட்டிலும் இக்கேள்வியை எழுப்புங்கள். ஒரு தலைமுறைக்கு முன் நம் முன்னோர் கலாசாலைக் கதவைத் திறக்கப் போராடினார்கள், கதவு திறந்தது. இப்போது எஞ்சியிருப்பது மதில். அதை இடிக்க வேண்டுவதில்லை. அதைத் தாண்டிப் பாடம் செல்ல வழி செய்தால் போதும். மாலை ஐந்து மணிக்குப் பஸ் ஏறும் பிள்ளை, பாதியில் நின்ற விரிவுரையை வீடு சேருவதற்குள் கேட்டு முடிக்கட்டும்.