ரெடிமேட் வீடு: லாரி வருமுன் காகிதம் வரட்டும்

ஷோரூமில் நிற்கும் மாதிரி வீட்டைப் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பக்கக் கொட்டேஷனை நம்பி, விலையில் பெரும்பகுதியை அட்வான்ஸாக அனுப்பிவிடுகிறார்கள். சொன்ன தேதி தாண்டிப் பல வாரம் கழித்து லாரி வருகிறது. வந்து இறங்கிய பேனல் மாதிரி வீட்டில் பார்த்த கனத்தில் இல்லை. முதல் மழைக்கே கூரை இணைப்புகளில் தண்ணீர் இறங்குகிறது. அதன்பிறகு அலைச்சல்: திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு, காவல் நிலையத்தில் ஒரு புகார், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு கடிதம். இவற்றில் எதுவும் பெரும்பாலானவர்களுக்குப் பணத்தை மீட்டுத் தரும் கதவு அல்ல. சரியான கதவு எது என்று யாராவது சொல்லும்போது, அதைத் தட்டுவதற்கான இரண்டாண்டுக் கெடு முடிந்திருக்கிறது. தொழிற்சாலையில் செய்த வீட்டை வாங்குவோர் இதே வரிசையில் திரும்பத் திரும்ப ஏமாறுகிறார்கள். தொழில்நுட்பம் தெரியாததைவிட, காகிதத்தை அலட்சியம் செய்வதே இதற்குக் காரணம்.

இந்த வீடுகளே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. 2012இல் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, இந்திய நகரங்களின் வீட்டுப் பற்றாக்குறையை 1.87 கோடிக்கும் மேல் என்று கணித்தது. அதில் வீடே இல்லாதவர்கள் சுமார் ஐந்து லட்சம் குடும்பங்கள்தாம். ஏறத்தாழ ஒன்றரைக் கோடிக் குடும்பங்கள் இடம் போதாமல் ஒரே கூரையின்கீழ் நெருக்கியடித்து வாழ்பவை. அதாவது, இருக்கிற சிறு மனையில் இன்னொரு அறை, இன்னொரு தளம், பழைய வீட்டுக்குப் பதில் புதிய வீடு என்பதுதான் பெரிய தேவை. வேகமாக முடியும், எடை குறைவான கட்டுமானம் அங்கேதான் உதவுகிறது. பெரிய அளவிலும் இது முடியும் என்பதற்குச் சென்னை பெரும்பாக்கத்தில் சான்று இருக்கிறது. 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட கலங்கரை விளக்கத் திட்டத்தின் 1,152 வீடுகள், ப்ரீகாஸ்ட் (முன்கூட்டியே வார்த்த) கான்கிரீட் பாகங்களை இணைத்துக் கட்டப்பட்டு, 2022 மே 26 அன்று திறக்கப்பட்டன.

செங்கல் வீடுதான் வீடு, மற்றதெல்லாம் பெட்டி என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. தொழிற்சாலையில் செய்த பாகம் பெரும்பாலும் கெடுவதில்லை. பாகங்கள் சேரும் இடம்தான் கெடுகிறது. லண்டனில் 22 மாடி ரோனன் பாயிண்ட் கட்டடத்தின் ஒரு மூலை 1968 மே 16 அன்று சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். 18ஆம் மாடியில் நடந்த ஒரு சமையல் எரிவாயு வெடிப்பு, சுவர்ப் பலகைகளை அவற்றின் இணைப்பிலிருந்து தள்ளிவிட்டது. பின்னாளில் கட்டடத்தைப் பிரித்தபோது இணைப்பு வேலை எவ்வளவு மோசமாக இருந்தது என்று தெரிந்தது. வீட்டின் தரம் இணைப்பிலும் அஸ்திவாரத்திலும் பொருத்தும் ஆளின் கையிலும் இருக்கிறது. வாங்குபவர் கேள்வி கேட்க வேண்டிய இடமும் அதுதான். நம் மக்களோ சுவரின் நிறத்தையும் டைல்ஸையும் பற்றிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுகிறார்கள்.

சிக்கலின் வேர் பணம் போகும் வரிசையில் இருக்கிறது. செங்கல் வீட்டில் அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை, கூரை போட்டால் ஒரு தவணை. வேலையைக் கண்ணால் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். பிடிக்காவிட்டால் மேஸ்திரியை மாற்றலாம். தொழிற்சாலை வீட்டில் நம் மனையில் ஒரு ஆணிகூட இறங்குவதற்கு முன் பணத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. இந்த இடைவெளியைச் சட்டம் தானாக நிரப்பும் என்று பலர் நம்புகிறார்கள். நிரப்பாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், மனையோடு சேர்த்து வீட்டை விற்கும் புரமோட்டருக்கு உரியது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட திட்டமாக இருந்தால் பதிவு கட்டாயம். அப்படிப்பட்ட ப்ரீகாஸ்ட் அடுக்ககத்தில் வீடு வாங்கினால் பலமான பாதுகாப்பு உண்டு. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் புரமோட்டர் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைக் குறையோ தெரிந்து சொன்னால், முப்பது நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். தவறினால் எழும்பூரில் உள்ள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். ஆனால் உங்கள் சொந்த மனையில் ஒரு நிறுவனம் வீட்டைக் கொண்டுவந்து பொருத்தித் தந்தால், அது புரமோட்டர் அல்ல. அந்த ஐந்தாண்டுப் பொறுப்பு உங்களுக்குத் தானாகக் கிடைக்காது. எழுதி வாங்கினால்தான் கிடைக்கும்.

அடுத்தது, விற்பவர்கள் பரப்பும் மிக ஆபத்தான பேச்சு: "இது நகர்த்தக்கூடிய வீடு, பிளான் அப்ரூவல் வேண்டாம்." இதை நம்பாதீர்கள். மரமோ மண்ணோ உலோகமோ, எதனால் ஆனாலும் கட்டடம் கட்டடம்தான் என்பது நம் உள்ளாட்சிச் சட்டங்களின் நெடுங்கால நிலை. குடியிருக்கவென்று அஸ்திவாரத்தில் போல்ட் போட்டு நிறுத்திய கண்டெய்னரும் அதில் அடங்கும். ஊராட்சி அலுவலகத்தில் ஒருவர் வாய்மொழியாக "வெச்சுக்குங்க" என்று சொல்வது அனுமதி ஆகாது. சொன்னவர் இடம் மாறிப் போவார், நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். கிரேன் வந்து வீட்டை இறக்குவதைத் தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போகும் அலுவலர்கள், எல்லாம் முடிந்தபின் விதியைக் காட்டுவது பொறுப்பற்ற செயல். அதற்காக நாம் விதியை மறக்க முடியாது. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ முதல் தளம் சேர்த்தோ கட்டும் வீட்டுக்கு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் ஏற்றிக் கட்டணம் செலுத்தி உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டிய கள ஆய்வும் இல்லை. ஆனால் சுயசான்று என்றால் சொன்ன தகவலுக்கு நீங்களே பொறுப்பு. தவறான தகவல் தந்தால் அனுமதி ரத்தாகும். மனை அங்கீகாரமோ வரன்முறையோ பெறாததாக இருந்தால் முதலில் அதை முடியுங்கள். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது அதற்கு அப்புறம்.

மொட்டை மாடியில் ரெடிமேட் அறை வைப்போர் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எடை குறைவு என்பதால் அனுமதி தேவையில்லாமல் போகாது. கீழே இருக்கும் பழைய கூரை தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்காமல் எதையும் ஏற்றக் கூடாது. அரசு மானியத்தில் வீடு கட்டுவோருக்கும் ஒரு பொறி உண்டு. 3.5 லட்சம் ரூபாய் தரும் கலைஞர் கனவு இல்லத் திட்டம் 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை கேட்கிறது. ஷீட் கூரை போட்ட ரெடிமேட் வீட்டை வாங்கி இறக்கிவிட்டுத் தவணைக்குப் போய் நிற்பதில் பயனில்லை. வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். வங்கிக் கடனுக்கும் இதே அறிவுரைதான்: அனுமதி பெற்ற வரைபடத்தைக் காட்டி, இந்த வகைக் கட்டுமானத்துக்குக் கடன் உண்டா என்று மேலாளரிடம் கேட்டபின் ஆர்டர் கொடுங்கள்.

ஒப்பந்தம் என்பது கொட்டேஷன் அல்ல. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அளவுகளுடன் கூடிய டிராயிங், பேனலின் கனம், உள்ளே இருப்பது பஃப் நுரையா தெர்மோகோலா ராக்வூலா, எஃகின் கனமும் தரமும், அஸ்திவார டிராயிங், அஸ்திவாரம் போடுவது யார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். அஸ்திவாரம் உங்கள் பொறுப்பு என்று விட்டுவிட்டு, பின்னர் விரிசலுக்கு அஸ்திவாரத்தைக் காட்டித் தப்பிக்கும் நிறுவனங்கள் உண்டு. அவர்களுடைய பொறியாளர் அஸ்திவாரத்தை ஏற்றுக் கையெழுத்திட்ட பின்னரே லாரி கிளம்பட்டும். பணத்தை நான்காகப் பிரியுங்கள்: ஆர்டரில் ஒன்று, தொழிற்சாலையில் நேரில் பார்த்து அளந்தபின் ஒன்று, பொருத்தி முடித்தபின் ஒன்று, ஒரு மழைக்காலம் கழிந்தபின் கடைசி. டெலிவரி தாமதத்துக்கு வாரத்துக்கு எவ்வளவு கழிவு, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, கட்டமைப்புக்கு ஐந்தாண்டு, கூரைக் கசிவுக்கு எத்தனை ஆண்டு என்பவற்றை எண்ணில் எழுதுங்கள். நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணை வரித்துறை இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்ற பேச்சில் மயங்காதீர்கள். பில் இல்லாதவர் வாங்கியதையே நிரூபிக்கத் திணறுவார்.

பாதுகாப்புக்கான காகிதங்கள் இரண்டு. ஒன்று, மத்திய அரசின் கட்டுமானப் பொருள் மற்றும் தொழில்நுட்ப ஊக்குவிப்புக் கழகம் புதிய கட்டுமான முறைகளுக்குத் தரும் செயல்திறன் மதிப்பீட்டுச் சான்றிதழ். இப்படி ஒரு சான்றிதழ் இருப்பதையே மக்களுக்குப் புரியும் தமிழில் சொல்ல எந்தத் துறையும் அக்கறை காட்டவில்லை. விற்பவரிடம் அதன் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள முறையும் உங்களுக்குத் தருவதும் ஒன்றா என்று பொறியாளரிடம் காட்டுங்கள். இரண்டாவது, உங்கள் ஊருக்கான காற்றுக் கணக்கு. இந்தியத் தர விதியில் சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். எடை குறைந்த வீட்டில் காற்று கூரையை மேலே தூக்கும். எனவே ஆங்கர் போல்ட் எத்தனை, எவ்வளவு ஆழம் என்பது பொறியாளர் கையெழுத்துடன் வேண்டும். கஜா, வர்தா புயல்களைப் பார்த்த மாநிலத்தில் இதைக் கேட்கத் தயங்குவது அறிவீனம். தீ விஷயத்திலும் அலட்சியம் வேண்டாம்: பஃப் நுரை எரிந்தால் நச்சுப் புகை வரும், சமையலறைச் சுவருக்குத் தீப்பிடிக்காத ராக்வூல் கேளுங்கள்.

இவ்வளவும் செய்தும் வீடு குறையுடன் வந்தால், போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்றே சொல்கிறது. முதலில், எதையும் பிரிக்காமல், பழுதுபார்க்காமல், தேதியுடன் படமும் காணொளியும் எடுங்கள். ஒரு பொறியாளரின் ஆய்வறிக்கை வாங்குங்கள். அடுத்து, குறைகளையும் கேட்கும் தீர்வையும் பட்டியலிட்டு, கெடு நாள் குறிப்பிட்டு, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் அஞ்சலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். ஆனால் அங்கே புகார் நிலுவையில் இருப்பதால் கெடு நிற்காது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. இதை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: இரண்டே ஆண்டு. நிறுவனத்தார் "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்" என்று ஓட்டும் ஒவ்வொரு வாரமும் உங்கள் கணக்கில்தான் கழிகிறது. நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. 20 முதல் 50 லட்சம் வரை ஆயிரம் ரூபாய்தான். தொழிற்சாலை வெளிமாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இணையத்திலும் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. மனுவுடன் ஒப்பந்தம், பில், வங்கி ரசீதுகள், நோட்டீஸ், படங்கள், பொறியாளர் அறிக்கை, உறுதிமொழிப் பத்திரம் சேருங்கள். வீட்டை ஆய்வு செய்ய ஆணையர் ஒருவரை நியமிக்கும்படி தனி மனுவும் கொடுங்கள். தீர்ப்பு பாதகமானால் 45 நாளில் மேல்முறையீடு. தீர்ப்பை நிறுவனம் மதிக்காவிட்டால் சிறைத்தண்டனை வரை சட்டத்தில் இடம் உண்டு.

காவல் நிலையம் போவதில் தவறில்லை. ஆனால் தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் மோசடி வழக்கு நிற்கும். வீடு வந்து, தரம் குறைந்தது என்றால் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள். அதற்காகக் காத்திருந்து நுகர்வோர் ஆணையத்தின் கெடுவை இழக்காதீர்கள். வழக்குச் செலவுக்கு அஞ்சுவோர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. உதவி எண் 15100.

இத்தனை காகிதம் கேட்டால் எந்த நிறுவனம் தரும் என்று கேட்பார்கள். தரமாகச் செய்யும் நிறுவனத்திடம் டிராயிங்கும் கணக்கும் ஏற்கெனவே இருக்கும். அவை இல்லாமல் தொழிற்சாலையில் ஒரு பேனலையும் சரியாக வெட்ட முடியாது. தர மறுப்பவரிடம் அவை இல்லை என்றே கொள்ள வேண்டும். அரசுக்கும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது: சொந்த மனையில் தொழிற்சாலை வீடு வாங்குவோருக்குத் தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தம் வெளியிட்டு, ஐந்தாண்டுப் பொறுப்பை அதில் கட்டாயமாக்க வேண்டும். பெரும்பாக்கத்தில் இந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டாடிய அரசுகள், அதை வாங்கும் தனிமனிதரை வெறுங்கையுடன் விட்டுவிட்டிருப்பது நியாயமில்லை. அந்த ஒப்பந்தம் வரும்வரை வாங்குபவரே அதை எழுத வேண்டும். அனுமதி, ஒப்பந்தம், பொறியாளர் கையெழுத்து ஆகிய மூன்றும் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். குறை தெரிந்தால், இரண்டாண்டு முடியும்வரை காத்திராமல் முதல் மாதத்திலேயே நோட்டீஸ் அனுப்புங்கள்.