கார்டு யார் பேர்ல இருக்கு?

2020 ஏப்ரல் முதல் வாரத்தில் எங்கள் தெருவுக்கு டோக்கன் வந்தது. ரேஷன் கடை ஊழியர் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக நின்று கொடுத்தார். கையகலச் சீட்டு. கார்டு எண்ணும் பெயரும் அச்சில் இருந்தன. வர வேண்டிய நாளும் மணியும் மட்டும் பேனாவால் எழுதியது. அந்த நேரத்துக்குப் போனால் 1,000 ரூபாய், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை. முன்னாடி வந்தாலும் கிடையாது, பின்னாடி வந்தாலும் கிடையாது என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டே போனார்.

எதிர்ச் சந்தில் ஒரு அக்கா குடியிருந்தார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். ஊரடங்கு போட்டதும் நாலு வீட்டிலும் ‘இப்போதைக்கு வர வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாலில் எங்கள் வீடும் ஒன்று. முதல் மாதம் முழுச் சம்பளம் கொடுத்தோம், அடுத்த மாதம் பாதி. அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. டோக்கன் கொடுத்த அன்று அக்கா அந்த ஊழியரின் பின்னாலேயே வந்து கேட்டார்.

“அண்ணே, எனக்கு?”

“கார்டு யார் பேர்ல இருக்கு?”

“மாமியார் பேர்ல. ஊர்ல இருக்கு.”

“அப்ப ஊர்லதாம்மா வாங்கணும்.”

ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். பஸ் ஓடவில்லை. போக வேண்டுமென்றால் பாஸ் வாங்க வேண்டும். கல்யாணம், சாவு, மருத்துவம் என்று காரணம் காட்ட வேண்டும். எப்படியோ போய்ச் சேர்ந்தாலும் மாமியார் வீட்டில் அவரை உள்ளே விடப்போவதில்லை. கணவனைப் பிரிந்து வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் கார்டில் அவர் இன்னும் அந்த வீட்டு மருமகள். அவர் பங்கு அரிசியை அந்த வீட்டில்தான் வடித்தார்கள்.

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் அரசு உதவியே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2020 மார்ச்சில் 3,280 கோடி ரூபாய்க்கு நிவாரணம் அறிவித்தார்கள். கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் நல வாரியம் மூலம் தனியாக 1,000 ரூபாய், 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய். மத்திய அரசிடமிருந்து தலைக்கு ஐந்து கிலோ தானியம். 2021 மே மாதம் ஆட்சி மாறியதும் போட்ட முதல் கையெழுத்தே அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய். இரண்டு தவணையாக, சுமார் 2 கோடியே 7 லட்சம் குடும்பங்களுக்கு. ஜூனில் இரண்டாம் தவணையோடு 14 பொருள் கொண்ட மளிகைப் பை. கோதுமை மாவு, ரவை, உளுந்து, கடலைப் பருப்பு, புளி, கடுகு, சீரகம், டீத்தூள் என்று போய்க் கடைசியில் ஒரு குளியல் சோப்பு, ஒரு துணி சோப்பு. அந்தப் பட்டியலைப் போட்டவர் யாரோ சமையலறைக்குள் நின்று யோசித்திருக்கிறார்.

இவ்வளவும் ஒரே கதவு வழியாக வந்தன. அந்தக் கதவின் பெயர் குடும்ப அட்டை. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், ‘குடும்பம்’. குடும்பம் என்ற ஒன்று ஓரிடத்தில் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில் செய்த ஏற்பாடு அது. புருஷனை விட்டு வந்தவள், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட திருநங்கை, பிளாட்பாரத்தில் படுப்பவர், பீகாரிலிருந்து வந்து கம்பி கட்டுபவர் எல்லாரும் கதவுக்கு வெளியே நின்றார்கள். கார்டு இல்லாத திருநங்கைகளுக்கு 2,000 ரூபாய் தருவதாக அரசு சொன்னபோது 2021 ஜூன் வந்துவிட்டது. அதற்குள் விஷயம் உயர் நீதிமன்றம் வரை போயிருந்தது. வேறு ஊர்க் கார்டை வைத்து இருக்கும் ஊரிலேயே அரிசி வாங்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு மாதப் பசிக்கு அது உதவவில்லை.

கதவுக்கு வெளியே வேறொரு ரகமும் நின்றது. சர்க்கரைக் கார்டுக்காரர்கள். ‘ரேஷன் அரிசியை யார் சாப்பிடுவார்கள்’ என்று ஒரு காலத்தில் கௌரவமாக அரிசியை விட்டுக்கொடுத்துச் சர்க்கரையை மட்டும் வாங்கிக்கொண்டவர்கள். 1,000 ரூபாய் அரிசிக் கார்டுக்குத்தான் என்று அறிவித்த அன்று எங்கள் தெருவின் தனியார் கம்பெனி ஊழியர் ஒருவர் தன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சம்பளமும் பாதியானது. அந்த டிசம்பரில் அரிசிக் கார்டாக மாற்றிக்கொள்ள அரசு வாய்ப்புக் கொடுத்தபோது முதல் நாளே மாற்றிக்கொண்டார்.

அக்காவுக்குப் புதுக் கார்டு போடலாம் என்று நாங்கள் கிளம்பிய கதை ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பழைய கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும். அதற்கு அந்தக் கார்டில் பதிந்துள்ள செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். போன் கணவனின் தம்பியிடம். இருக்கும் முகவரிக்கு ஆதாரம் வேண்டும். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார். கேஸ் இணைப்பும் அக்கா பெயரில் இல்லை. ஆன்லைனில் விண்ணப்பியுங்கள் என்றார்கள். ஆன்லைனுக்கு நாங்கள் போகிற பிரவுசிங் சென்டர் ஷட்டரை இறக்கியிருந்தது. அக்காவின் ஆதாரில் இருந்த போன் நம்பர் யாருடையது என்று தேடினால், பல வருஷத்துக்கு முன் பதிந்து கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரருடையது. நம்மூரில் இப்படிக் கடைக்காரர் நம்பரில் வாழ்பவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை.

எங்கள் தெருவில் இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்தது பி.காம் மூன்றாம் ஆண்டு படித்த ஒரு பெண். ஆன்லைன் வகுப்புக்காக வீட்டில் வாங்கிக் கொடுத்த போன் அவளிடம் இருந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் மருத்துவ உதவிக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108, குழந்தைகளுக்கு 1098, மருத்துவக் காப்பீட்டுக்கு 1800 425 3993. அடுத்த பக்கங்களில் வீட்டுக்கு வீடு: யார் கார்டு என்ன கார்டு, யாருக்கு நல வாரிய அட்டை இருக்கிறது, யார் புதுப்பிக்கவில்லை. கொத்தனார் வேலை பார்க்கும் மூன்று பேர் வாரியத்தில் பதிந்துவிட்டுப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். ‘மாமா, இது எக்ஸ்பயரி ஆயிடுச்சு’ என்று அவள் சொன்னபோது ஒருவர், ‘நான்தான் ஆகலையே’ என்றார்.

2021 மே மாதத்தில் அந்த நோட்டுக்கு வேறு வேலை வந்தது. மே 21 அன்று ஒரே நாளில் மாநிலத்தில் 36,184 பேருக்குத் தொற்று. சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ‘வார் ரூம்’ திறந்து படுக்கை ஒதுக்கினார்கள். ட்விட்டரில் ஹேஷ்டேக் போட்டுக் கேட்டவர்களுக்கும் பதில் வந்தது. ட்விட்டர் என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கு 104.

எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவருக்கு ஆக்சிஜன் 91-க்கு இறங்கியது. நான்தான் 104-ஐ அழைத்தேன். நாற்பது நிமிடம் முயன்ற பிறகு எடுத்தார்கள். களைத்த ஒரு பெண் குரல், ஆனாலும் பொறுமையான குரல். பெயர், வயது, முகவரி கேட்டுவிட்டு, “எஸ்.ஆர்.எஃப். ஐ.டி. சொல்லுங்க சார்” என்றார்.

நான் விழித்தேன். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனைக்கு எடுக்கும்போதே கணினியில் உருவாகும் 13 இலக்க எண் அது. பரிசோதனை முடிவு, படுக்கை, பிற்பாடு எந்தக் கோரிக்கையானாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நகரும். எஸ்.எம்.எஸ்.ஸில் வந்திருக்கும், ஆங்கிலத்தில் வந்திருக்கும். இஸ்திரிக்காரரின் பட்டன் போனில் லோன் வேண்டுமா, ரீசார்ஜ் செய்யுங்கள் என்று இருநூறு செய்திகள் கிடந்தன. நோட்டு வைத்திருந்த அந்தப் பெண் வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய்க் கண்டுபிடித்தாள். போனில் படித்துச் சொல்லும்போதே நோட்டிலும் எழுதிக்கொண்டாள். அதை ஏன் எழுதினாள் என்று பிறகு கேட்டேன். ‘பெரிய நம்பரா இருந்துச்சு, அதான்’ என்றாள்.

மாலை ஏழு மணிக்குப் பதிவு செய்தோம். இரவு இரண்டு மணிக்குத் திரும்ப அழைத்து ஓர் அரசு மருத்துவமனையில் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். பதினெட்டு நாள் அங்கே இருந்தார். மறுபரிசோதனையில் ‘நெகட்டிவ்’ வந்தது. ஆனால் நுரையீரல் தேறவில்லை. இறந்துபோனார்.

இறப்புச் சான்றிதழில் காரணம் நிமோனியா என்று இருந்தது. கடைசியில் நெகட்டிவ் ஆனவர், அதனால் அப்படி எழுதியிருக்கிறார்கள். அவர் மனைவி அதை வாங்கி மடித்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார்.

அந்த ஆண்டு ஜூன் 30 அன்று, கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை நிர்ணயிக்கும்படி உச்ச நீதிமன்றம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு உத்தரவிட்டது. செப்டம்பரில் 50,000 ரூபாய் என்று முடிவானது. அக்டோபர் 4 அன்று நீதிமன்றம் சொன்ன ஒரு வரிதான் எங்கள் தெருவுக்குத் தேவைப்பட்ட வரி: இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது. தொற்று உறுதியான 30 நாளுக்குள் இறந்தால் அது கொரோனா இறப்பு. மருத்துவமனையில் சேர்ந்து அங்கேயே தொடர்ந்து இருந்தவரென்றால் 30 நாள் தாண்டினாலும் கணக்கில் வரும். நிவாரணம் கேட்க வேண்டியது மாவட்ட நிர்வாகத்திடம். சான்றிதழில் குழப்பம் இருந்தால் பார்த்துத் தீர்க்க மாவட்ட அளவில் குழு.

ஆதாரமாக என்ன கேட்டார்கள்? பரிசோதனை முடிவு. அதை எடுக்க என்ன வேண்டும்? அந்த எண். பட்டன் போன் அதற்குள் பேட்டரி உப்பிச் செத்திருந்தது. நோட்டு இருந்தது. பக்கத்தைப் புரட்டினோம். நீல மையில், மூன்றாவது இலக்கத்தில் ஒரு திருத்தலோடு, பதின்மூன்றும் இருந்தன. விண்ணப்பம் ஏற்கப்பட்டு, ஒன்றரை மாதத்தில் அந்த அம்மாவின் கணக்கில் பணம் ஏறியது. புது இஸ்திரிப் பெட்டிக்கும் பழைய கடனுக்கும் போய்விட்டது.

இறந்தவர் கணக்கையே இந்த விண்ணப்பங்கள் மாற்றிக் காட்டின. குஜராத்தில் அரசுக் கணக்குப்படி சுமார் 10,000 பேர் இறந்திருந்தார்கள். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் வைத்த விவரப்படி அங்கே நிவாரணம் கேட்டு வந்த விண்ணப்பங்கள் 80,000-க்கும் மேல். எங்கள் தெருவில் நடந்தது போலத் தாளில் வேறு காரணம் எழுதிப் போன இறப்புகள் எத்தனையோ அந்த மனுக்கள் வழியாகத்தான் வெளியே வந்தன.

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு வைத்து 18 வயதில் வட்டியோடு தருவது என்று தமிழ்நாடு அரசு 2021 மே 29-இல் அறிவித்தது. ஒருவரை இழந்தால் 3 லட்சம். பக்கத்துத் தெருவில் இப்படி ஒரு பையன் இருந்தான். அவனுக்குச் சேர வேண்டியதை வாங்கித் தந்தது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. உறவினர்களுக்குத் தெரிவதற்கு முன்பே அங்கன்வாடி டீச்சர் தகவல் சொல்லியிருந்தார். அங்கே நோட்டும் தேவைப்படவில்லை, நாங்களும் தேவைப்படவில்லை.

அந்த டீச்சரைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஜன்னலில் போய் நின்று கேட்டு வாங்கிய உதவிக்கும், தெரிந்த ஒருவர் வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்த உதவிக்கும் நடுவில் மலையளவு தூரம். ஊரடங்கில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்குப் போக முடியாமல் எத்தனையோ பேர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அக்காவின் அம்மா அதில் ஒருவர். பாதத்தில் புண் வந்து இரண்டு விரலை எடுத்தார்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது இத்தனை எளிய யோசனை இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லையா என்றுதான் நினைத்தேன். அந்தந்த ஊர்ப் பெண் ஒருவர் பையில் பி.பி. கருவியோடு வந்து, பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். “உங்க கார்டு எங்கே?” என்று தொடங்காமல், “காலைல சாப்பிட்டீங்களாம்மா?” என்று தொடங்குகிறார். எங்கள் பகுதிக்கு வருகிறவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், ஆனாலும் ஏறுகிறார். அவருக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகையைக் கேட்டால் நமக்கு மூச்சு வாங்கும்.

அக்காவுக்கு 2021 கடைசியில் தனிக் கார்டு வந்தது. கணவனின் தம்பியிடம் ஓ.டி.பி. கேட்டுப் பேசியது நோட்டுக்காரப் பெண்தான். என்ன பேசினாள் என்று இருவரும் இன்றுவரை சொல்லவில்லை. அக்கா சொந்தமாக ஒரு சிம்மும் வாங்கியிருந்தார். கார்டில் ஒரே ஒரு பெயர், குடும்பத் தலைவர் என்ற இடத்தில். நாங்கள் போட்டோவில் முகம் கறுப்பாக விழுந்திருக்கிறது என்று குறை சொன்னோம். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

2023 ஜூலையில் மகளிர் உரிமைத் தொகைக்கு அதே ரேஷன் கடை ஊழியர் விண்ணப்பமும் டோக்கனுமாக வீடு வீடாக வந்தார். தாடி நரைத்திருந்தது. சந்து முனையில் அக்காவைப் பார்த்ததும் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

“கார்டு யார் பேர்லம்மா இருக்கு?”

அக்கா பிளாஸ்டிக் கவரிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். அவர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டே, “போன் நம்பர்?” என்றார். அக்கா சுவரைப் பார்த்தபடி, இரண்டிரண்டு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நடுவில் நோட்டுக்காரப் பெண் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தாள். “இரு, நானே சொல்றேன்” என்றார்.